மெதுவாகச் சொல்கிறவர்

"சார், ஷூ ரொம்ப அழகா இருக்கு. பத்திரமா எடுத்து வச்சு விசேஷத்துக்குப் போடலாம்."

சிங்கப்பூரில் என் முதல் வேலைநாளின் முதல் ஐந்து நிமிடத்துக்குள் லாத்தா என்னிடம் சொன்னது இது. நான் மகிழ்ந்துபோனேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் திருச்சியில் வாங்கிய கறுப்புத் தோல் காலணி. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவன் காலில் என்ன இருக்க வேண்டும் என்று நானும் கடைக்காரரும் கூடிப் பேசி எடுத்தது. பாராட்டை வாங்கிக்கொண்டு அதையே பதினோரு நாள் போட்டுக்கொண்டு போனேன். பன்னிரண்டாம் நாள்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பயிற்சி நிலையத்தின் வகுப்பறைகளில் கம்பளம் விரித்திருந்தார்கள். பிள்ளைகள், ஆசிரியர்கள், தண்ணீர்க் கேன் கொண்டுவருகிறவர் எல்லாரும் வாசல் அலமாரியில் காலணியை விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பந்திக்கு நடுவே செருப்போடு நடக்கிறவனைப் போல நான் ஒருவன் மட்டும் நடந்துகொண்டிருந்தேன். பதினோரு நாள் எப்படி அது கண்ணில் படாமல் போனது என்று கேட்பீர்கள். எனக்குக் கண்ணாடி உண்டு. அது படிப்பதற்கு.

சொல்லியிருக்கலாமே என்று லாத்தாவிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"முதல் நாளே சொன்னேனே சார்."

அந்தக் கிளையின் பொறுப்பாளர் அவர். லாத்தா என்பது அவருடைய பெயர் இல்லை. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். அவருடைய தாத்தா அங்கிருந்து கப்பலேறியவர். இவர் பிறந்தது, படித்தது, அலுத்துக்கொண்டது எல்லாம் சிங்கப்பூரில்தான். நிலையத்துக்கு வரும் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் தரை துடைக்க வருகிற அம்மாவும்கூட அவரை லாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் நானும் 'மேடம்' என்பதை விட்டுவிட்டேன். எங்கள் இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. யார் மூத்தவர் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நேராகப் பதில் வந்திருக்காது.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஒரு பொட்டல்காட்டில் இருந்த பொறியியல் கல்லூரியில் பதினேழு வருடம் ஆங்கிலம் கற்பித்தேன். பிள்ளைகள் வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசி வருடம் கல்லூரிப் பேருந்துகளின் எண்ணிக்கையும் முதலாண்டு மாணவர்களின் எண்ணிக்கையும் சங்கடப்படும் அளவுக்கு நெருங்கி வந்தன. ஆங்கிலத் துறையை, அதாவது என்னை, மூடிவிட்டார்கள். பழைய மாணவன் ஒருவன் சொல்லி, தேக்காவில் ஒரு தனியார் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் துணை ஆசிரியர் வேலை கிடைத்தது. வரைபடத்தில் அந்த வட்டாரத்துக்கு லிட்டில் இந்தியா என்று பெயர். லாத்தாவுக்கு அது தேக்கா. நாற்பத்தாறு வயதில் துணை. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் வேலையை உறுதிசெய்வார்கள், பிடிக்காவிட்டால் வேலை அனுமதி ரத்தாகும், ஊருக்கு விமானம் ஏற வேண்டும். ஊர் இருந்தது. வேலைதான் இல்லை. மகள் அந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். உறவினர் நாற்பது பேர் கூடி எனக்குச் சால்வை போர்த்தி, 'சிங்கப்பூர் பேராசிரியர்' என்று ஃப்ளெக்ஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதத்தில் போய் நின்றால் அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் கிழியாமல் இருக்கும்.

தோ பாயோவில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். காலையில் ரயிலேறி டோபி காட்டில் இறங்கி, ஊதா நிற வழித்தடத்துக்கு மாறி ஒரே ஒரு நிறுத்தம் போக வேண்டும். டோபி காட் என்றால் வண்ணான் துறை. முதல் வாரம் முழுக்க அங்கே என்னைத்தான் துவைத்தார்கள். மாடிப்படி, மின்படி, மறுபடி மாடிப்படி. ஒருமுறை வெளியே வந்து பார்த்தால் எதிரே பூங்கா. லாத்தா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரே ரயிலில் உட்கார்ந்தபடி வந்துவிடுவார். நான் வியர்த்துக்கொண்டு தாமதமாக நுழையும்போது, "நடக்கிறது உடம்புக்கு நல்லது சார்" என்பார். நாளைக்குச் சீக்கிரம் வா என்பது அதன் பொருள். இதையும் நான் நடைப்பயிற்சி பற்றிய உரையாடலாக எடுத்துக்கொண்டு, ஊரில் காலை நடை போவதைப் பற்றி அவரிடம் நெடுநேரம் பேசியிருக்கிறேன்.

அவருக்கு அந்த ஊரில் எல்லாரோடும் இந்தப் பேச்சுத்தான் என்பதும், அந்த ஊரில் எல்லாருக்கும் அது புரிந்தது என்பதும் ஒரு மத்தியானம் தெரிந்தது. நிலையத்துக்குக் கீழே இரண்டு கடை தள்ளி ஒரு பிரியாணிக் கடை. லாத்தா அங்கே வருடக்கணக்காக வாடிக்கை. அன்று என்னையும் அழைத்துப்போனார். இரண்டு வாய் சாப்பிட்டார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கல்லாவில் இருந்த முதலாளியிடம், இன்னைக்குச் சமையல் யாரு பாய், புது ஆளா, நல்லா வருவாரு என்றார். முதலாளியின் முகம் கறுத்துப்போனது. எழுந்து வந்து இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடம் பொறுங்க லாத்தா என்று உள்ளே போனார். உள்ளே யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. நான் மூன்று வாய் சாப்பிட்டிருந்தேன், எனக்குப் பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. தட்டு ஏன் போனது என்று கேட்டேன். "போகட்டும் சார், சூடா வரும்" என்றார்.

வகுப்பறையில் என் வேலை பென்சில் சீவுவது, தாள் கொடுப்பது, மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது. இவற்றோடு வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பெற்றோர் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். எழுத்து என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பதினேழு வருடம் பொறியியல் மாணவர்களின் விடைத்தாளில் 'சரி', 'தவறு' தவிர வேறெதுவும் எழுதாத கை. உட்கார்ந்து இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் இருபத்து மூன்று குணச்சித்திரம் எழுதினேன். ஒரு பையனுக்கு, 'இவனுக்கு எழுதுவதில் விருப்பமில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுதுவதையும் விரும்புவதில்லை.' ஒரு சிறுமிக்கு, 'கேள்வி கேட்பாள், பதில் வருவதற்குள் வேறு கேள்விக்குப் போய்விடுவாள்.' எனக்கே பிடித்திருந்தது.

லாத்தா அத்தனையையும் வாசித்தார். நல்ல கையெழுத்து என்றார். பிறகு பச்சைப் பேனாவை எடுத்தார். சிவப்பு மை அவர் கையில் நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும் என்பார். இருபத்து மூன்றையும் திருத்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. முதல் பையன், 'வகுப்பில் கலகலப்பானவன், கொஞ்சம் நேரம் கொடுத்தால் நன்றாக எழுதுவான்' ஆனான். சிறுமி, 'ஆர்வமுள்ளவள், கொஞ்சம் நேரம் கொடுத்தால் நன்றாக வருவாள்' ஆனாள். இருபத்து மூன்றில் பதினாறு பேருக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. இது பொய்யில்லையா லாத்தா என்று கேட்டேன். கேட்ட தொனியில் ஒரு பேராசிரியர் இருந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. "பொய் இல்ல சார். மெதுவாச் சொல்றது" என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "இத அவங்க எங்க படிப்பாங்க தெரியுமா? வேல முடிஞ்சு எம்ஆர்டில. ஒரு கைல கம்பியப் புடிச்சுக்கிட்டு, ஒரு கைல இந்த புக்கு. நின்னுக்கிட்டே படிக்கிறவங்களுக்கு எழுதுறோம் சார்."

 அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டிருந்தவர்கள் கையை எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். யார் கையிலும் குறிப்பேடு இல்லை, எல்லாரிடமும் கைபேசிதான். ஆனாலும் அந்த வாக்கியம் என்னோடு வந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பச்சைப் பேனாவில் எழுதியதாகிவிடும். இரண்டாம் மாதம் ஒரு தகப்பனார் வந்தார். மூன்று வருடக் குறிப்பேடுகளை மேசையில் அடுக்கினார். எல்லாவற்றிலும் பச்சை மையில் 'கொஞ்சம் நேரம் கொடுத்தால்.' அவருடைய மகளால் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை, பள்ளியில் அப்போதுதான் யாரோ நேராகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடம் கொடுத்தேனே, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாத்தா அந்தக் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக மூடினார். தகப்பனார் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டார். போன பிறகு லாத்தா, அவருக்கு ரொம்ப நாளா தூக்கமில்ல போல என்றார். அன்று எனக்கு லாத்தாமேல் எரிச்சல் வந்தது. அவர் சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதைப் பார்த்தபோது அந்த எரிச்சலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் எழுதியதற்கு முதலில் பச்சை மை விழுந்த பையனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது வயதுச் சீனப் பையன். இரண்டு வருடமாக அந்த வகுப்பில் அவன் எழுதியது அவன் பெயர் மட்டும். 'என் விடுமுறை', 'என் செல்லப்பிராணி' எதுவும் அவனை அசைக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்காருவதுதான் என் வேலை. ஒரு நாள் சலித்துப்போய், என்னைப் பற்றி உனக்குள்ள புகார்களை எழுது, இயக்குநரிடம் கொடுக்கிறேன் என்றேன். தாளை வாங்கினான். ஒன்றரைப் பக்கம் எழுதினான். நான் பேசும் ஆங்கிலம் யாருக்கும் விளங்கவில்லை என்றும், என் சட்டைப் பையில் பேனா கசிந்திருக்கிறது என்றும், நான் சீவும் பென்சில் எல்லாம் உடைந்துபோகிறது என்றும், எண் போட்டு, காரணம் காட்டி. கட்டுரை எழுதுகிற முறை அதுதான். லாத்தா அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். திருத்தவில்லை. ஒரு நகல் எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.  எனக்குக் குழப்பமாக இருந்தது. பாராட்டா, ஆதாரமா?

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, வாங்க சார், தே குடிப்போம் என்று எதிர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழேயுள்ள கோப்பிக் கடைக்கு அழைத்துப்போனார். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு அலங்காரம் போட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குப் பால் தேநீர், அவருக்குச் சீனியில்லாத கறுப்புத் தேநீர். மகளைப் பற்றிக் கேட்டார். தீபாவளிக்குப் பிள்ளையோடு இருப்பது போல வராது என்றார். திருச்சியில் இந்த மாதம் வெயில் தணிந்திருக்குமே என்றார். என்னைப் போல் படித்தவர்கள் பென்சில் சீவிக்கொண்டிருப்பது அவருக்கே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். கடைசியில், "இந்த இடம் உங்களுக்குச் சின்னது சார்" என்றார். அவருடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

நான் புத்தகம் படித்தவன். வரிகளுக்கு நடுவில் வாசிக்க வேண்டும் என்று பதினேழு வருடம் மாணவர்களிடம் பீற்றிக்கொண்டவன். அன்றும் வரிகளுக்கு நடுவில் வாசித்தேன். தீபாவளிக்கு விடுமுறை தருகிறார்கள். துணை ஆசிரியர் என்பதை மாற்றி ஆசிரியராக்கப் போகிறார்கள். வரிகளை மட்டும்தான் வாசிக்கவில்லை. பிரியாணியைப் பற்றி அவர் சொன்னது பிறகாவது எனக்குப் புரிந்தது. நம்மைப் பற்றிச் சொன்னால் அந்த அறிவு வேலை செய்வதில்லை.

இரவு மனைவிக்குப் போன் செய்து உறுதியாகிவிட்டது என்றேன். என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க என்றாள். சொன்னேன்.  அவங்க அப்படிச் சொன்னா அதுக்கு அர்த்தம் அதுதானா என்று கேட்டாள். உனக்கு இந்த ஊர் தெரியாது என்றேன்.

மறுநாள் காலை தேக்காவில் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு, அன்றைக்கென்று டோபி காட்டில் தொலையாமல், முதல் ஆளாக நிலையத்துக்குப் போனேன். லாத்தா வந்ததும் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். என்ன விசேஷம் சார் என்றார்.

"கன்ஃபர்ம் ஆனதுக்குத்தான் லாத்தா. நீங்கதானே சொன்னீங்க."

அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது பிள்ளைகளின் நாற்காலி. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் கட்டியிருந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், உங்கள எடுக்கல."

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே மிகச் சின்ன வாக்கியம் அதுதான். அதற்குச் சுற்றுச்சுவர் இல்லை, வாசல்படி இல்லை. தெருவிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்து விழுந்தது. எனக்கு மனைவி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்தது. ஏன் என்று கேட்டேனா, கேட்காமலே அவர் சொன்னாரா, அதுகூட இப்போது தெளிவாக இல்லை.

கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். என்னைப் பற்றிய மதிப்பீடு. கிளைப் பொறுப்பாளர் என்ற முறையில் அவர் எழுத வேண்டியது. பச்சை மை. 'ஆர்வமுள்ளவர். கொஞ்சம் நேரம் கொடுத்தால் நன்றாக வருவார்.' அதன் கீழே இயக்குநரின் குறிப்பு, 'புரிந்தது. வழக்கம்போல் நயமாக எழுதியதற்கு நன்றி. மாதக் கடைசிக்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.'

இயக்குநர் ஒரு சீனப் பெண்மணி, முப்பத்தைந்து வயதிருக்கும். லாத்தாவோடு எட்டு வருடம் வேலை பார்த்தவர். எனக்கு முன்னால் துணை ஆசிரியராக வந்து நிலைக்காமல் போன நான்கு பேருக்கும் லாத்தா இதே வரியைத்தான் எழுதியிருந்தார். ஒருவர் பிள்ளையின் காதைத் திருகியவர். இன்னொருவர் வகுப்பில் தூங்கியவர். கொஞ்சம் நேரம் கொடுத்தால் என்று லாத்தா எழுதினால் அனுப்பிவிட வேண்டும் என்பதை இயக்குநர் எட்டு வருடத்தில் கற்றுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் அதத்தான் எழுதுவேன் சார்" என்றார் லாத்தா. "உங்களுக்கு மட்டும்தான் நெசமா எழுதுனேன்."

அப்படியானால் போய்ச் சொல்லுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, பேருந்தை நிறுத்தச் சொல்லி ஓடுகிறவன் குரல்.

"எப்படி சார் சொல்றது? இந்தத் தடவ நெசம்னா, மத்த தடவ எல்லாம் என்னன்னு கேப்பாங்கல்ல?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைக் காப்பாற்ற வேண்டுமானால், எட்டு வருடமாகத் தான் எழுதிய வரிகளுக்கு எடை இல்லை என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தகப்பனார் அடுக்கிய குறிப்பேடுகளும் அந்தக் கணக்கில்தான் வரும். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை? மூன்று மாதம் பென்சில் சீவிய உரிமை. கேட்காமலிருக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

லாத்தா எழுந்தார். தலைத்துண்டைச் சரிசெய்தார். ஜாங்கிரிப் பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இயக்குநரின் அறைக்குள் போனார். அது அறை என்று பெயர்தான். கூரையைத் தொடாத பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது வெளியே நன்றாகக் கேட்கும். நான் பெட்டியோடு பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர்கள் பேசியது ஆங்கிலம், வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'லா' சேர்க்கும் சிங்கப்பூர் ஆங்கிலம். இயக்குநர் நல்லவர். என்னிடம் பக்குவமாகச் சொன்னதற்காக லாத்தாவைப் பாராட்டினார். லாத்தா குறுக்கிட்டார். அவர் யாருடைய பேச்சிலும் குறுக்கிட்டு நான் கேட்டதில்லை. நான் இப்போது அந்த மனிதரைப் பற்றி நேராகச் சொல்லப் போகிறேன், முழுக்கக் கேளுங்கள் என்றார்.

பிறகு சொன்னார். பத்து நிமிடப் பாடத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னுரை பேசுகிறார். நகைச்சுவை என்று நினைத்து ஏதோ சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிக்கிறார், பிள்ளைகள் அவருக்காகச் சிரிக்கிறார்கள். ஆங்கிலம் தெரியும், ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேசத் தெரியாது. நகல் இயந்திரத்தைத் தொட்டாலே அது நின்றுபோகிறது. வருகைப் பதிவில் வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறித்திருக்கிறார், இரண்டு தடவை. இந்த வேலை தன் தகுதிக்குக் குறைவு என்று நினைக்கிறார், அது முகத்தில் தெரிகிறது, பிள்ளைகளுக்கும் தெரிகிறது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட என்னிடம் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டதில்லை.

ஒவ்வொன்றும் உண்மை. கடைசி ஒன்று எனக்கே தெரியாத உண்மை. பெட்டியின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துவிட்டது.

"ஆனா அந்தப் பையன் ரெண்டு வருஷமா எனக்கு ஒரு வரி எழுதல. இவருக்கு ஒன்றரப் பக்கம் எழுதினான்" என்றார் லாத்தா. காகிதம் விரிக்கும் சத்தம் கேட்டது. கைப்பையில் இருந்த நகல். "என்னால முடியல. உங்களாலயும் முடியல. இவரை வச்சுக்கணும். இது நான் எப்பவும் எழுதறது இல்ல. இது நான் சொல்றது."

 பிறகு இயக்குநர் கேட்டார், அப்படியென்றால் மற்ற நான்கு பேருக்கும் எழுதியது? லாத்தா சொன்ன பதில் மெல்லிய குரலில் வந்தது. அவர்கள் சரிப்பட்டு வரவில்லை, அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளைகள் சிலருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அது தப்பு.

இயக்குநர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நீங்கள் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை என்றார். சரி, வைத்துக்கொள்ளலாம், இனிமேல் எனக்கு விளங்குகிற மாதிரி எழுதுங்கள் என்றார். லாத்தா, முயற்சி பண்றேன் என்றார். அது முடியாது என்பதற்கு அவர் வைத்திருந்த சொல் என்பது எனக்கு அந்த நேரத்திலும் புரிந்தது.

வெளியே வந்தார். முகம் கழுவியது போல் வேர்த்திருந்தது. என்னைப் பார்க்காமல் என் கையிலிருந்த பெட்டியின் நூலை அவிழ்த்தார். ஒரு ஜாங்கிரியை எடுத்துப் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள பேசுனது கேட்டுச்சா சார்?"

ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது. அந்த முன்னுரை, அந்தச் சிரிப்பு, முகத்தில் தெரிகிறதென்ற அந்த ஒன்று. நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது, பிறந்த நாளிலிருந்து யாரும் என்னை இப்படி உரித்துப் போட்டதில்லை என்று இன்னொரு பக்கம் முகம் எரிந்தது. எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் நின்றவன், அவர் கையிலிருந்த பாதி ஜாங்கிரியின் பாகு, அவர் கவனிக்காமலே, மணிக்கட்டு வரை வழிந்திருந்ததைப் பார்த்தேன்.

"இல்ல லாத்தா. ஏசி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சாப்பிட்டீங்களா?"

அவர் தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆமா சார், ரொம்பத்தான் சத்தம்" என்றார். "ஆளச் சொல்லிப் பாக்கச் சொல்லணும்."

நம்பினாரா, நம்பியதாக வைத்துக்கொண்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு சரி.

அடுத்த வாரம் ஏசி பார்க்க உண்மையாகவே ஒரு பட்டுக்கோட்டைக்காரர் வந்தார். ஏணி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டு, இறங்கி வந்து, இதுல சத்தமே இல்லையே என்றார். லாத்தா என்னைப் பார்த்தார். இருந்துச்சு, சார் கேட்டாரு என்றார். நானும் இருந்தது என்றேன். அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏணியில் ஏறினார்.